முகமும் உழைப்பும்: ஹொலிவூட் சினிமாவில் ஆசியப் பாத்திரங்களும் நடிகர் தேர்வும்

1

ஓர் இனத்தைச் சார்ந்த பாத்திரத்தை அவ்வினத்தைச் சார்ந்த நடிகரே ஏற்றல் வேண்டுமா என்னும் வினா, திரைப்படம், தொலைக்காட்சி ஆகியன பற்றிய விமர்சனங்களில் அண்மைக்காலத்தில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகின்றது. இதற்கு அளிக்கப்படும் விடைகளைப் பொதுவாக இரு வகையுள் அடக்கலாம். நடிப்பு என்பதே தானல்லாத பிறராகத் தோன்றுதல். எனவே யாரும் எப்பாத்திரத்தையும் ஏற்கலாம் என்பது ஒன்று. பிறப்பாலும் தோற்றத்தாலும் ஒன்றியவரே பாத்திரத்தின் உண்மையை வெளிக்கொணர வல்லவர் என்பது மற்றையது. முன்னையது கலைஞனின் சுதந்திரத்தைத் துணைக்கழைக்கின்றது. பின்னையது அநுபவத்தின் நம்பகத்தன்மையைத் துணைக்கழைக்கின்றது.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும், அடிப்படையில் ஒரு பொதுக் குறைபாட்டைக் கொண்டுள்ளன. நடிகருக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான உறவை மட்டுமே இவை காண்கின்றன. நடிகருக்கும் முதலாளிக்கும் இடையிலான உறவைக் காண்பதில்லை. சினிமா ஒரு கலையாக இருக்கும் அதேவேளை ஒரு பெருங் கைத்தொழிலுமாகும். அங்கு நடிகர் தமது உழைப்பை விற்று வாழ்பவர். எவ்வுழைப்பை எவரிடம் எவ்விலைக்கு வாங்குவது என்பதை உற்பத்திச் சாதனங்களைத் தம் கையில் வைத்திருப்போரே தீர்மானிக்கின்றனர். இவ்வுண்மையை மனங்கொண்டு, ஹொலிவூட் சினிமாவில் ஆசியப் பாத்திரங்கள் பங்கிடப்பட்ட முறையை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இவ்வரலாறு கமராவுக்கு முற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்து 1869இல் நிறைவுற்ற புகையிரதப் பாதையின் மேற்குப் பகுதியை அமைத்தோருட் பெரும்பான்மையினர் சீனத் தொழிலாளர். பாதை நிறைவுற்றபின் அதே தொழிலாளர் வேலைச் சந்தையிற் போட்டியாளராகக் காணப்பட்டனர். பொருளாதார நெருக்கடி மிகுந்த 1870களில் வெள்ளைத் தொழிலாளரின் கோபம் முதலாளிகளை நோக்கித் திரும்பாது சீனரை நோக்கித் திருப்பப்பட்டது. 1882இல் நிறைவேறிய சீனர் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளரின் வருகைக்குத் தடை விதித்தது. இச்சட்டம் 1943இல் நீக்கப்பட்டபோதும் சீனருக்கென ஒதுக்கப்பட்ட குடிவரவுத் தொகை ஆண்டுக்கு 105 பேர் மாத்திரமே.

இதே காலப்பகுதியிலேயே மேடையிற் சீனன் என்னும் நகைப்புக்குரிய உருவம் நிலைபேறடைந்தது. மார்க் ருவெயினும் பிரெற் ஹார்ற்றும் இணைந்து எழுதி 1877இல் மேடையேறிய ‘ஆ சின்’ நாடகத்திற் பெயர்ப் பாத்திரமான சீனனாக நடித்தவர் ஒரு வெள்ளை நடிகரே. கறுப்பினத்தவரைக் கரிபூசிய வெள்ளையர் நடித்துக் காட்டிய மேடை மரபு அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே வேரூன்றியிருந்தது. உழைப்புச் சந்தையிலிருந்து ஒரு மக்கட் கூட்டம் வெளியேற்றப்படும்போது, அம்மக்களின் உருவம் பொழுதுபோக்குச் சந்தைக்குள் அவர்கள் இன்றியே கொண்டுவரப்படுகின்றது என்பதை இவ்விடத்து நாம் அவதானிக்க வேண்டும். உருவம் தேவைப்பட்டது, உருவத்துக்குரியவர் தேவைப்படவில்லை.

3

சினிமா இம்மரபினை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 1915இல் மேரி பிக்ஃபோர்ட் ஜப்பானியப் பெண்ணாகவும், 1919இல் றிச்சர்ட் பார்தல்மெஸ் சீன இளைஞனாகவும் தோன்றினர். எனினும் ஊமைப்படக் காலத்திற் சில விலகல்களும் நிகழாமலில்லை. ஜப்பானிற் பிறந்த செசூ ஹயகாவா 1915இல் வெளிவந்த ‘த சீற்’ படத்தின் மூலம் பெரும் புகழெய்தினார். அப்படத்தில் அவர் ஏற்றது வெள்ளைப் பெண்ணொருத்தியின் உடலிற் சூடுபோடும் கொடிய ஜப்பானிய வணிகனின் பாத்திரம். அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர் இதனைக் கண்டித்தனர். முதலாம் உலகப்போரில் ஜப்பான் நேசநாடாகவும் இருந்தமையால், 1918இல் அப்படம் மீளவெளியிடப்பட்டபோது அப்பாத்திரம் பர்மியனாக மாற்றப்பட்டது. மாறியவை எழுத்துகள் மாத்திரமே. படச்சுருள் அதுவே, முகமும் அதுவே. நடிகரின் இனவுண்மை தயாரிப்பாளருக்கு எத்துணைப் பொருளற்றதாயிருந்தது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமக்களிக்கப்பட்ட பாத்திரங்களில் அதிருப்தியுற்ற ஹயகாவா 1918இல் ஹாவேர்த் என்ற தமது சொந்த நிறுவனத்தை அமைத்து, ஏறத்தாழ இருபது படங்களைத் தயாரித்தார். சிறந்த பாத்திரம் வேண்டுமென மன்றாடுவதிலும், பாத்திரத்தை உருவாக்கும் சாதனத்தையே கைப்பற்றுவது மேல் என்பதை அவர் தம் நடைமுறையால் உணர்ந்திருந்தார் எனலாம். ஆயின், தனியொரு சிறு நிறுவனம் வளர்ந்துவரும் ஏகபோகங்களின் முன் நின்றுபிடித்தல் அரிது. ஜப்பானியருக்கெதிரான உணர்வு மேற்குக் கரையில் உக்கிரமடைந்த 1920களின் தொடக்கத்தில் அவர் ஹொலிவூட்டை விட்டு நீங்கினார்.

சார்லி சான் என்னும் சீனத் துப்பறிவாளர் பாத்திரத்தின் வரலாறு இன்னும் நுணுக்கமான ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. 1926இல் வெளிவந்த தொடர்படத்திலும் 1927இல் வெளிவந்த படத்திலும் இப்பாத்திரத்தை ஏற்றோர் ஜப்பானிய நடிகர்களான ஜோர்ஜ் குவாவும் கமியாமா சோஜினும். 1931 தொடக்கம் சானைக் கதாநாயகனாகக் கொண்ட படவரிசை வெற்றியீட்டியபோது பாத்திரம் சுவீடனிற் பிறந்த வானர் ஓலண்டிடம் சென்றது. 1938இல் அவர் மறைந்தபின் மீண்டும் வெள்ளையரான சிட்னி ரோலரிடம் சென்றது. சீனாவிற் பிறந்த கீ லூக் அப்படங்களில் மூத்த மகனாகவே நடிக்க முடிந்தது. பாத்திரம் சிறிதாயிருந்தபோது ஆசியருக்குரியதாயிருந்தது. அது இலாபந்தரும் மூலதனமாக மாறியபோது வெள்ளையருக்குரியதாயிற்று. தந்தைக்கு வேடமும், மகனுக்கு இயல்பான முகமும் என்னும் இவ்விசித்திரக் குடும்பத்தைப் பார்வையாளர் ஆண்டுக்கணக்கிற் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டனர். கருத்துநிலையின் வலிமை இத்தகையது.

4

இப்பிரச்சினையின் முழு இயல்பும் வெளிப்பட்ட சந்தர்ப்பம், பேர்ள் பக் 1931இல் எழுதிய நாவலை மெற்றோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் படமாக்கி 1937இல் வெளியிட்ட ‘த குட் ஏர்த்’ ஆகும். சீனக் குடியானவர் வாழ்வைச் சித்திரிக்கும் அப்படத்தின் தயாரிப்பில் நம்பகத்தன்மைக்கு அளிக்கப்பட்ட கவனம் வியப்புக்குரியது. சீனாவுக்குப் படப்பிடிப்புக் குழுவொன்று அனுப்பப்பட்டது. உழுகருவிகளும் வீட்டுத் தளபாடங்களும் அங்கிருந்து வாங்கிவரப்பட்டன. கலிபோர்ணியாவிற் பெரும் நிலப்பரப்பொன்று சீனக் கிராமமாகவும் படிக்கட்டு வயல்களாகவும் மாற்றப்பட்டது. சீன அரசின் பிரதிநிதியொருவரும் மேற்பார்வைக்கு வந்திருந்தார். துணை நடிகராகச் சீனர் பெருந்தொகையிற் பயன்படுத்தப்பட்டனர்.

ஆயினும் நாயகன் வாங் லுங்காக நடித்தவர் பழைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் லெம்பேர்க் நகரிற் பிறந்து, யித்திஷ் நாடக மேடையில் வளர்ந்த போல் முனி. அவன் மனைவி ஓ-லானாக நடித்தவர் ஜேர்மனியிற் பிறந்த லூயிஸ் றைனர்; அவ்வேடத்துக்காக அவர் ஒஸ்கார் விருதும் பெற்றார். கலப்பை உண்மையானது, வயல் உண்மையானது, வயலின் ஓரத்தில் நின்ற மக்களும் உண்மையானவர்கள். உழுபவனும் அவன் மனைவியும் மாத்திரம் ஒப்பனைக்காரரின் கைவண்ணமாயினர்.

அவ்வேளை ஹொலிவூட்டிற் புகழ்பெற்ற சீன-அமெரிக்க நடிகை ஒருவர் இருக்கவே செய்தார். 1905இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் சலவைத் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்த அன்னா மே வொங் 1922இலேயே நாயகியாக நடித்தவர். 1932இல் வெளிவந்த ‘ஷங்ஹாய் எக்ஸ்பிரஸ்’ படத்தில் மார்லீன் டீற்றிக்குடன் தோன்றியவர். ஓ-லானாக நடிக்க அவர் விரும்பினார். ஆனால் குடும்பத்தைச் சீரழிக்கும் லோட்டஸ் என்ற இரண்டாம் மனைவியின் பாத்திரத்துக்கே அவர் பரிசீலிக்கப்பட்டார். நற்பண்புடைய சீனர் அனைவரையும் வெள்ளையர் நடிக்க, தீய சீனத்தியாகத் தாம் மட்டும் தோன்றுவதை அவர் விரும்பவில்லை. அப்பாத்திரம் ஒஸ்திரிய நடனக்காரியான தில்லி லொஷ்ஷிடம் சென்றது. வொங் 1936இல் தம் முன்னோரின் நாட்டைக் காணச் சீனாவுக்குப் பயணமானார்.

இம்முடிவுக்கு நட்சத்திர முறைமையின் வர்த்தகத் தேவைகள் ஒரு காரணமாகும். பெயர்பெற்ற ஆசிய நட்சத்திரம் இல்லை என்பதே தயாரிப்பாளரின் வழமையான வாதம். தலைமைப் பாத்திரம் அளிக்காது நட்சத்திரம் தோன்றுவதில்லை என்பதை அவ்வாதம் மறைத்துவிடுகின்றது. இன்னொரு காரணமாக வரலாற்றாசிரியர் பலர் சுட்டுவது 1930இல் வகுக்கப்பட்டு 1934 தொடக்கம் கண்டிப்புடன் அமுலாக்கப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக் கோவையினை. அதன் வாசகம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டலாகாது எனத் தடுத்தது. நடைமுறையில் இத்தடையின் நிழல் ஆசியர்மீதும் படிந்தது. இனக்கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் கலிபோர்ணியாவில் 1948வரை நடைமுறையில் இருந்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. வெள்ளையரான முனி கணவனாயின், மனைவியும் வெள்ளையராயிருத்தலே பாதுகாப்பானதாகக் கருதப்பட்டது.

இத்தருக்கத்தை நாம் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். கதையில் வாங் லுங்கும் சீனன், ஓ-லானும் சீனத்தி. பாத்திரங்களிடையே இனக்கலப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே இவ்வச்சத்தின் பார்வை பாத்திரத்தைத் துளைத்துக்கொண்டு நடிகரின் உடல்மீது விழுந்தது எனல் வேண்டும். நடிகர் தம்மை மறைத்துப் பிறராகிவிடுகின்றார் என்னும் கோட்பாட்டை, வெள்ளை நடிகர் சீனராக மாறும்போது ஹொலிவூட் முழுமையாக ஏற்றுக்கொண்டது. சீன நடிகை அவரருகே மனைவியாக நிற்கவேண்டி வந்தபோது அதே கோட்பாட்டைக் கைவிட்டு, உடல் உடலே என்றது. கலைச் சுதந்திரம் என்று இன்று முன்வைக்கப்படும் வாதத்தின் வரலாற்று வேர் இங்குதான் உள்ளது. அச்சுதந்திரம் ஒருவழிப் பாதையாகவே இருந்துவந்துள்ளது.

5

மறுதிசையிற் செல்ல விரும்பியவர் தம்மை மறைத்தே செல்லவேண்டியிருந்தது. பம்பாயில் 1911இற் பிறந்து, தாய்வழியில் இலங்கைத் தொடர்புடைய கலப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர் மேர்ல் ஓபெரன். தாம் தஸ்மேனியாவிற் பிறந்த வெள்ளையர் என்ற புனைகதையின் துணையுடனேயே அவர் நாயகியாக முடிந்தது. 1935இல் வெளிவந்த ‘த டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக அவர் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அவர் 1979இல் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின் வெளிவந்த வாழ்க்கை வரலாறே அவரது பூர்வீகத்தைப் பரவலாக அறியச்செய்தது. முனி சீனராக நடித்தது படப்பிடிப்பு நேரத்தில் மாத்திரமே. ஓபெரன் வெள்ளையராக வாழ்நாள் முழுவதும் நடித்தார். முன்னவருக்கு அது புகழைத் தந்த திறமை. பின்னவருக்கு வேலையைக் காத்த இரகசியம்.

இரண்டாம் உலகப்போர் இம்முரண்பாடுகளை இன்னுங் கூர்மையாக்கியது. 1942இல் மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பான்மையினர் அமெரிக்கப் பிரசைகள். இதே வேளையில் போர்ப்படங்களுக்குக் கொடிய ஜப்பானியர் பலர் தேவைப்பட்டனர். அவ்வேடங்கள் சீன, கொரிய வம்சாவளி நடிகர்களுக்குக் கிடைத்தன. அவர்களுள் ஒருவரான பிலிப் ஆன், ஜப்பானிய ஆதிக்கத்தை எதிர்த்துச் சிறைப்பட்டு 1938இல் உயிர்நீத்த கொரிய விடுதலைத் தலைவர் ஆன் சாங்-ஹோவின் மகன். தந்தையை மாய்த்த இராணுவத்தின் சீருடையை மகன் அணிந்து பிழைக்கவேண்டியிருந்தது. வெள்ளைப் பார்வையாளருக்கு அவர் ‘நம்பத்தகுந்த’ ஜப்பானியராகவே தோன்றினார். நம்பகத்தன்மை என்பதை யாருடைய கண்கள் அளக்கின்றன என்ற வினா இங்கு தவிர்க்கமுடியாததாகின்றது. அதே 1944இல் ‘டிராகன் சீட்’ படத்தின் சீன வீராங்கனையாகத் தோன்றியவர் கதரின் ஹெப்பேர்ன். தீயவருக்கு ஆசிய முகமும் நல்லவருக்கு வெள்ளை முகமும் என்ற பங்கீடு மாறவில்லை.

6

இவ்விடத்து நியாயமான ஆட்சேபமொன்று எழலாம். எமது கூத்து மரபில் ஆண்களே பெண் பாத்திரங்களையும் ஏற்று ஆடினர், அதனையும் மோசடியென்பதா? வேற்றுமையைத் தெளிதல் அவசியம். கூத்தில் ஆடுபவன் ஆண் என்பதைச் சபையோர் அறிவர், அறிந்தே சுவைப்பர். அங்கு வேடம் வேடமாகவே காட்டப்படுகின்றது. 1935இல் மொஸ்கோவிற் சீன நடிகர் மெய் லான்-பாங்கின் ஆற்றுகையைக் கண்ட பிரெக்ற், பெண் பாத்திரத்தில் தம்மைக் கரைத்துவிடாது அதனைச் சுட்டிக்காட்டும் அவரது முறையிலிருந்து தமது அந்நியமயப்படுத்தற் கோட்பாட்டுக்கு ஊட்டம் பெற்றமை நாமறிந்ததே. சீன அரங்கிலிருந்து ஐரோப்பிய மார்க்சியக் கலைஞர் ஒருவர் இவ்வாறு கற்றுக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே ஹொலிவூட் சீன முகத்தை ஒப்பனையால் உற்பத்தி செய்துகொண்டிருந்தது. அங்கு வேடம் வேடமெனக் காட்டப்படவில்லை, இயற்கையென நம்பவைக்கப்பட்டது. அதேவேளை, எமது மரபையும் நாம் இலட்சியப்படுத்த வேண்டியதில்லை. பெண்கள் மேடையேறாமைக்கு அழகியல் விதி மட்டும் காரணமன்று; பெண்மீதான சமூகத் தடையும் அங்கு தொழிற்பட்டது. எந்த மரபாயினும் மேடையில் நிற்பவரை மட்டும் பார்ப்பது போதாது. மேடைக்கு வர விடப்படாதவர் யார் என்றும் வினவ வேண்டும்.

7

1960களின் குடியுரிமைப் போராட்டச் சூழலிலேயே ஆசிய நடிகர்களின் எதிர்ப்பு ஸ்தாபன வடிவம் பெற்றது. 1965இல் மாக்கோ முதலிய கலைஞர்கள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஈஸ்ற் வெஸ்ற் பிளேயர்ஸ் நாடகக் குழுவை அமைத்தனர். தொலைக்காட்சியில் மாற்றம் மெதுவாகவே வந்தது. 1972இல் தொடங்கிய ‘குங்ஃபூ’ தொடரின் பாதிச் சீன நாயகனாகத் தோன்றியவர் டேவிட் கரடைன். புரூஸ் லீ பரிசீலிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டார். முன்னர் மூத்த மகனாக இருந்த கீ லூக், இத்தொடரில் கண்பார்வையற்ற குருவானார்.

1990இல் நிகழ்ந்த ‘மிஸ் சைகொன்’ விவகாரம் பிரச்சினையை அதன் இயல்பான களத்துக்கு, அதாவது தொழிற்சங்கக் களத்துக்கு, கொண்டுவந்தது. இது மேடை நாடகமாயினும் திரைத்துறையிலும் எதிரொலித்தது. லண்டனில் ஐரோப்பிய-ஆசியக் கலப்பினத்தவன் பாத்திரத்தை ஏற்ற ஜொனதன் பிரைஸ் நியூயோர்க்கிலும் அதனை நடிப்பதற்கு அமெரிக்க நடிகர் சங்கம் அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் அரங்கேற்றத்தையே இரத்துச் செய்தார். முன்பதிவாக ஏறத்தாழ 25 மில்லியன் டொலர் சேர்ந்திருந்த அந்நாடகம் நின்றுபோயின், அதிலிருந்த ஆசியத் துணைப் பாத்திரங்களும் பிற வேலைகளும் இல்லாதொழியும். சில நாட்களிற் சங்கம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. பிரைஸ் 1991இல் அவ்வேடத்துக்கு ரோனி விருதும் பெற்றார். பத்திரிகைகள் இதனைக் கலைச் சுதந்திரத்தின் வெற்றியாக வருணித்தன. எமது நோக்கில், வேலை வழங்கும் சக்தி யார் கையில் உள்ளதோ அவர் கையிலேயே ‘சுதந்திரம்’ என்ற சொல்லின் பொருளும் உள்ளது என்பதையே இது நிறுவியது.

8

அவ்வாறாயின், உரிய இனத்தவருக்கு உரிய பாத்திரம் கிடைத்துவிட்டாற் போதுமா? எமது நாட்டோடு தொடர்புடைய ஓர் உதாரணம் இதற்கு விடையளிக்கின்றது. கித்துள்கலையிற் படமாக்கப்பட்டு 1957இல் வெளிவந்த ‘த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்’ படத்தில் ஜப்பானிய முகாம் அதிகாரியாக நடித்தவர் ஹயகாவா. ஜப்பானியரை ஜப்பானியரே நடித்தார். அதற்காக ஒஸ்கார் பரிந்துரையும் பெற்றார். நடிகர் தேர்வு என்ற அளவிற் குறைகாண இடமில்லை. ஆனால் அப்படத்தின் களமான சியாம்-பர்மா புகையிரதப் பாதையில் உழைத்தோருட் பெரும்பான்மையினர் மேற்குநாட்டுப் போர்க் கைதிகளல்லர். ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆசியத் தொழிலாளர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனரென மதிப்பிடப்படுகின்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர். இறந்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 12,000 பேர். இறந்த ஆசியத் தொழிலாளர் அதனிலும் பன்மடங்கினர். பிரித்தானிய அதிகாரியின் கௌரவத்தை மையமாகக் கொண்ட அக்கதையில் அவர்களுக்கு இடமில்லை. தோட்டத் தொழிலாளர் வாழும் நாட்டின் ஆற்றங்கரையிலேயே படப்பிடிப்பு நிகழ்ந்தும், தோட்டத் தொழிலாளரின் மரணம் கமராவுக்குள் வரவில்லை. அப்பாத்திரங்களுக்குத் தகுந்த நடிகரைத் தேடும் பிரச்சினையே எழவில்லை, பாத்திரங்களே எழுதப்படவில்லை.

அண்மை ஆண்டுகளில் மாற்றங்கள் நிகழ்ந்திருப்பதை மறுப்பதற்கில்லை. 2018இல் ‘கிறேசி றிச் ஏசியன்ஸ்’ பெரும் வசூலைப் பெற்றது. 2023இல் மலேசியாவிற் பிறந்த மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதினைப் பெற்றார். ஓபெரன் தம் பிறப்பை மறைத்துப் பரிந்துரை பெற்றபின் எண்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன. 2022இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டொலர் நாணயமொன்றில் அன்னா மே வொங்கின் முகம் பொறிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது ஓ-லானாக ஏற்கப்படாத முகம், மறைந்து அறுபத்தோராண்டுகளின் பின் நாணயமாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆயின், புதிய வெற்றிப்படங்களுட் சில ஆசியரின் பெருஞ் செல்வத்தையே காட்சிப்பொருளாக்கி நிற்பதையும் நாம் கவனிக்காதிருக்க முடியாது. முகம் மாறியிருக்கின்றது; எவ்வர்க்கத்தின் வாழ்வு கதையாகின்றது என்ற வினா எஞ்சியே உள்ளது.

இதுவரை கூறியவற்றால், நடிகர் தேர்வு பற்றிய கோரிக்கை அற்பமானதென்றோ முற்றானதென்றோ கொள்ளலாகாது என்பது புலனாகும். அது முதற்கண் வேலைக்கான உரிமைக் கோரிக்கை. ஆதலின் முற்போக்காளர் அதனை ஆதரித்தல் கடன். குருதியின் உண்மை என்ற அடிப்படையில் அதனை நிறுவ முயலின், பிலிப் ஆன் சிக்கிய பொறியிலேயே நாமும் சிக்குவோம். யார் நடிக்கின்றார் என்பதோடு, யார் எழுதுகின்றார், யார் முதலிடுகின்றார், யாருடைய உழைப்பும் மரணமும் கதைக்குத் தகுதியுடையனவாகக் கொள்ளப்படுகின்றன என்பனவும் ஒருங்கே வினவப்படல் வேண்டும். ஹயகாவா 1918இல் தனித்து முயன்று தோற்றதும், நடிகர் சங்கம் 1990இல் கூடி முயன்று பின்வாங்கியதும் இவ்வினாக்களின் பாற்பட்டனவே. குவாய் ஆற்றங்கரையில் மாண்ட மலாயாத் தமிழரின் கதையை எழுதவும் படமாக்கவும் வேண்டிய சாதனங்களை ஈட்டுவது, அவர்களின் மொழியைப் பேசும் எம் முன்னுள்ள பணியாகும்.